சலூன் நாற்காலியில் முதல் கத்திச் சவரம்: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ரேசரும் டிரிம்மருமாகப் பழகிவிட்ட ஒருவர், கல்யாணத்தை முன்னிட்டோ நேர்முகத் தேர்வை முன்னிட்டோ முதன்முறையாகச் சலூனில் கத்திச் சவரம் செய்துகொள்ளப் போகும்போது, பயப்படுவதெல்லாம் கத்தியைப் பார்த்துத்தான். வேறொருவர் கையிலிருக்கும் கத்தி தொண்டைக்குழியில் ஊர்வது யாருக்கும் முதலில் கூசத்தான் செய்யும். ஆனால் பல ஆண்டுகளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னால், ஒரு சவரம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் கத்தி முகத்தில் படுவதற்கு முந்திய பத்து நிமிடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் வாடிக்கையாளர் செய்ய வேண்டியவையும் கேட்க வேண்டியவையும் பல உண்டு. கடைக்காரர் அவற்றையெல்லாம் சொல்லித்தர மாட்டார். வந்தவருக்குத் தெரிந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்வார்.

எந்தக் கத்தி?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்யப்பட்ட முழு எஃகுக் கத்திகள் உலகெங்கும் போன காலம் ஒன்று இருந்தது. அத்தகைய கத்தியைக் கல்லில் தீட்டி, தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்துப் பதம் பார்த்து, ஒரே கத்தியால் பலருக்கும் சவரம் செய்வார்கள். கத்தி, கல், கிண்ணம், படிகாரம் எல்லாம் அடைப்பம் என்ற பைக்குள் அடங்கிவிடும். இன்று தமிழ்நாட்டுக் கடைகளில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் அதே வடிவத்திலுள்ள மடக்குக் கத்திதான் என்றாலும், அதற்குச் சொந்தமாகக் கூர் கிடையாது. இருபக்கக் கூருள்ள சாதாரண பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, அதில் ஒரு பாதியை அதன் வாயில் செருகிக்கொள்கிறார்கள். ஒருவருக்குச் சவரம் முடிந்ததும் அந்தப் பாதி குப்பைக்குப் போய்விட வேண்டும். எய்ட்ஸ் குறித்த பிரசாரம் மூலைமுடுக்கெல்லாம் சென்ற ஆண்டுகளில் இந்த மாற்றம் வேகம் பிடித்ததை என் வயதுக்காரர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம்.

இந்த வேறுபாட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய எஃகுக் கத்தி கனமானது. தன் எடையாலேயே இறங்கி வெட்டும். பிளேடோ சுமார் 0.1 மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு; அதன் கூர் மிகக் கடுமை, கை கொஞ்சம் அழுந்தினாலும் மன்னிக்காது. எனவே இந்தக் கத்தியைப் பிடிப்பவருக்குக் கை இலேசாக இருக்க வேண்டும், அவசரம் கூடாது. அவசரப்படாத கடையையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை.

கடையும் நாளும்

தமிழ்நாட்டில் பெரும்பாலான சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாட்கள், முகூர்த்த நாளின் முந்தைய மாலை ஆகியவற்றில் பெஞ்சு நிரம்பியிருக்கும். அன்று உங்கள் முகத்துக்குக் கிடைப்பது எட்டு நிமிடந்தான். முதல் சவரத்துக்குப் புதன், வியாழன் போன்ற ஒரு நாளில் முற்பகல் பதினொரு மணியளவில் போவது நல்லது. வெளிச்சமும் இருக்கும், கடைக்காரருக்கும் அலுப்பு ஏறியிருக்காது.

கடைக்குள் நுழைந்ததும் காலியாக இருக்கும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடாமல், முடிந்தால் உங்களுக்கு முன்னால் இருப்பவருக்குச் சவரம் நடக்கும்வரை பெஞ்சில் காத்திருந்து பாருங்கள். புதிய பிளேடை எடுத்தாரா, முந்தையவருக்குப் போர்த்திய துண்டையே உதறி அடுத்தவருக்குப் போர்த்துகிறாரா, இரண்டு பேருக்கு நடுவில் கையைக் கழுவுகிறாரா என்ற மூன்றையும் கவனித்தாலே போதும். கண்ணாடியின் பளபளப்பும் ஏசியும் எனக்கு ஒரு பொருட்டாகப் படுவதில்லை. தகரக் கூரையின் கீழ் அத்தனை சுத்தமாக வேலை செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் ஈரத் துண்டை மூன்று பேருக்குப் பயன்படுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். கட்டணப் பட்டியல் சுவரில் தொங்கும்; பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் பேச்சு இல்லை.

தாடி எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. முகமயிர் நாளொன்றுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்வதால், இரண்டு மூன்று நாள் விட்டுப் போனால் கத்திக்குப் பிடி கிடைக்கும். முதல் நாள் சவரம் செய்த முகத்தோடு மறுநாளே போனால், வெட்ட மயிர் இல்லாமல் தோலைத்தான் சுரண்ட வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் வளர்ந்த தாடியென்றால் நேராகக் கத்தி வைக்க விடாதீர்கள். டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டுப் பிறகு சவரத்துக்குப் போகலாம்.

சில சமயங்களில் போகவே கூடாது. முகத்தில் சீழ் வைத்த பருக்களோ, அக்கியோ, தோல் உரிந்த புண்ணோ இருந்தால் அது ஆறட்டும். தாடையில் சின்னச் சின்னத் தட்டை மருக்கள் இருந்தால் கத்தி போன வழியெல்லாம் அவை பரவி வரிசையாக முளைக்கும். முதலில் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், காயம் பட்ட இடமெல்லாம் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் கத்திச் சவரத்தைத் தவிர்த்து மின்சார டிரிம்மரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

இது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஒரு சிறிய துணிப்பையில் சுத்தமான கைத்துண்டு, பிரிக்காத பிளேடு ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய படிகாரத் துண்டு ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு போனால் பாதிக் கவலை விட்டது. பிளேடின் விலை சில ரூபாய்தான். சொந்த பிளேடு கொண்டுபோனால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று தயங்குகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரையில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. "எனக்கு இந்த பிளேடுதாண்ணே ஒத்துக்குது" என்று சொன்னால் அதில் சந்தேகத்தின் சாயல் இருக்காது. திருப்பதியில் மொட்டை போடச் சீட்டு வாங்கும்போது பிளேடும் சேர்த்துத் தருகிறார்கள். அங்கே யாரும் அதை அவமதிப்பாக எண்ணுவதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும்

முதலில் அழைக்கும் முறை. வயதில் மூத்தவரென்றால் "அண்ணே", "ஐயா", இளையவரென்றால் "தம்பி" என்று அழையுங்கள். வடமாநிலத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவரென்றால் "பாய்" என்பது வழக்கமாகிவிட்டது. இந்தத் தொழிலாளர்களைச் சாதிப் பெயரால் ஒருமையில் கூப்பிட்ட பழக்கம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சத்தைக் கடைக்குள் கொண்டுபோகாதீர்கள். முடிதிருத்துவோருக்குத் தமிழ்நாட்டில் தனியே நலவாரியம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. எழுதும்போது முடிதிருத்துநர் என்பதே மரியாதையான சொல்.

அடுத்து, என்ன வேண்டும் என்பதை நுரை போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நுரை போட்ட பிறகு மீசையின் எல்லை தெரியாது, கிருதாவின் எல்லையும் தெரியாது. "மீசையைத் தொடாதீங்க, கிருதா காது பாதிக்கு இருக்கட்டும், கழுத்துல ஒரு தடவை போதும், எதிர் வேண்டாம்" என்று நான் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்வேன். மயிர் படிந்திருக்கும் வாக்குக்கு எதிராகக் கத்தி ஓட்டுவதைத்தான் 'எதிர்' என்கிறார்கள். தாடி வைத்திருந்து கன்னத்தில் மட்டும் கோடு எடுக்க வேண்டுமானால், அந்தக் கோடு எங்கே வர வேண்டுமென்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். மச்சம், பரு, பழைய தழும்பு இருந்தால் அவற்றையும் தொட்டுக் காட்டுவது அவசியம். நுரைக்கு அடியில் மச்சம் தெரியாமல்தான் பெரும்பாலான முதல் கீறல் விழுகிறது.

இப்போது பிளேடு. ஒரு நல்ல கடையில் இது எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து, உள் காகிதத்தைப் பிரிக்காமலேயே இரு கை விரல்களாலும் நீளவாக்கில் மடிப்பார். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். காகிதத்துக்குள்ளேயே பிளேடு இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பாதியை எடுத்து, ஸ்பிரிட்டோ டெட்டாலோ தொட்ட பஞ்சால் துடைத்த கத்தியின் வாயில் செருகிப் பூட்டுவார். மறுபாதி அடுத்தவருக்காகக் காகிதத்தில் சுருண்டிருக்கும். இது உங்கள் கண்முன்னால் நடக்க வேண்டும். நீங்கள் உட்காரும்போதே கத்தியில் பிளேடு இருந்தால், அது புதியதா பழையதா என்று விசாரிப்பதில் பயனில்லை. "புது பிளேடு போட்டுக்கலாம்ணே" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். பிளேடு மாறினால் மட்டும் போதாது, பிளேடு உட்காரும் பள்ளமும் துடைக்கப்பட வேண்டும். சோப்பும் மயிர்த்தூளும் படிவது அங்கேதான்.

இதில் கூச்சப்படக் கூடாது என்பதற்குக் காரணம் எய்ட்ஸ் மட்டுமன்று. பேச்சு முழுக்க அதைச் சுற்றியே நடந்ததால் பலர் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியை மறந்துவிடுகிறார்கள். உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் அது குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். பெரியவர்களுக்கு மூன்று தவணையாக, முதல் ஊசிக்கு ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் மற்ற இரண்டும் என்ற கணக்கில், அதற்குத் தடுப்பூசி உண்டு. சலூனுக்கு அடிக்கடி போகிறவர்கள் போட்டுக்கொண்டால் நல்லது. சவரம் செய்கிறவர்களும் போட்டுக்கொள்ள வேண்டியது அவசியம்.

தண்ணீர்

சிறுவனாக இருந்தபோது, என் தாத்தாவுக்கு வீட்டுத் திண்ணையில் சவரம் செய்ய ஒரு பெரியவர் வருவார். அவரிடம் சோப்பு, கிரீம் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு கத்தி, அவ்வளவுதான். தாத்தா ஒரு முக்காலியில் அமர, அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல்களைத் தண்ணீரில் நனைத்துத் தாடையைத் தேய்ப்பார், மறுபடி நனைப்பார், மறுபடி தேய்ப்பார். யார் வீட்டில் என்ன விசேஷம், எந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றியது என்ற செய்தியெல்லாம் அதற்குள் முடிந்துவிடும். கத்தியைக் கையில் எடுக்கும்போது தாத்தா பாதித் தூக்கத்தில் இருப்பார். வெறும் தண்ணீரில் செய்த அந்தச் சவரத்தில் ரத்தம் வந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெரியவர் வம்பு பேசவில்லை, மயிர் ஊற நேரம் கொடுத்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிற்று. காய்ந்த முகமயிர் விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிவிடும், வெட்டுவதற்குத் தேவையான விசையும் வெகுவாகக் குறைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் இதை இன்னும் விரைவாகச் செய்யும். ஊறாத மயிரை வெட்டும்போது பிளேடு அதைப் பிடித்து இழுக்கிறது, கைக்காரர் அழுத்துகிறார், தோல் கீறுகிறது. எரிச்சலின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே கேள்வி, இன்றைய கடையில் அந்த மூன்று நிமிடத்தை எப்படிப் பெறுவது என்பதுதான். பெரிய சலூன்களில் வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் போர்த்துகிறார்கள். அது இருந்தால் வேறொன்றும் வேண்டாம், துண்டு துவைத்ததா என்று மட்டும் பாருங்கள். சிறிய கடைகளில் ஸ்பிரே பாட்டிலால் இரண்டு முறை 'புஸ் புஸ்' என்று அடித்துவிட்டு நுரையைத் தடவத் தொடங்குவார்கள். அது போதாது. குளித்துவிட்டுப் போகலாமே என்று மேல்நாட்டு அறிவுரைகளில் சொல்லியிருக்கும். சவரத்துக்குப் பிறகு குளிப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம் என்பதால், குளித்துவிட்டுச் சலூனுக்குக் கிளம்புகிறவனை வாசலிலேயே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நான் கண்ட வழி எளிது. வீட்டிலிருந்து புறப்படும்போது வெந்நீரும் சோப்பும் கொண்டு முகத்தின் எண்ணெய்ப் பசை போகக் கழுவிக்கொள்கிறேன். கடையில் என் முறை வருவதற்குச் சற்று முன் குழாயடியில் மறுபடி நன்றாக நனைத்துக்கொண்டு, துடைக்காமல் உட்காருகிறேன்.

நுரையில் இரண்டு வகை. குப்பியிலிருந்து அழுத்தி எடுக்கும் ஃபோம் வேகமானது, சுத்தமானது, ஆனால் மயிரைத் தூக்கி நிறுத்தாது. கிரீமைப் பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தால், படிந்து கிடக்கும் மயிர் எழுந்து நிற்கும், அடிவரை தண்ணீர் போகும். சவரத்துக்கு இதுதான் உயர்ந்தது. சிக்கல் என்னவென்றால், ஒரே பிரஷ் நாள் முழுக்க எல்லார் முகத்திலும் ஓடுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரைமயிர்ப் பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு முகத்தில் ஆந்த்ராக்ஸ் நோய் வந்தது. இன்றைய நைலான் பிரஷ்ஷில் அந்தப் பயம் இல்லையென்றாலும், சீழ்க்கொப்புளம் உண்டாக்கும் சாதாரணக் கிருமிகள் அதில் ஏறுவதற்குத் தடையொன்றும் இல்லை. வெந்நீரில் அலசிய பிரஷ் கிடைத்தால் பிரஷ், இல்லையென்றால் ஃபோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் தேய்த்தவுடன் கத்தி எடுக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் ஊறட்டும்ணே" என்ற மூன்று சொல்லுக்கு எந்தக் கடைக்காரரும் மறுப்புச் சொல்லமாட்டார். அந்த இடைவெளியில் அவர் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் உங்களுக்கு இன்னும் லாபம்.

கத்தி முகத்தில் இருக்கும்போது

உங்கள் வேலை இப்போது அசையாமல் இருப்பதுதான். தலையை நாற்காலியின் தலைதாங்கியில் முழுதாகச் சாய்த்து, கழுத்தின் கனத்தை அதன் மேல் விட்டுவிடுங்கள். தானாகத் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தால் கழுத்துத் தசைகள் கயிறுபோல் புடைத்து நிற்கும், கத்தி அதில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். கைப்பேசியைச் சத்தமில்லாமல் செய்து வைத்துவிடுவது நல்லது. அவர் ஏதாவது கேட்டால் தலையாட்டிப் பதில் சொல்லும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. கத்தி கன்னத்தில் இருக்கும்போது அதை மறந்துவிட வேண்டும். தும்மல், இருமல் வருவதுபோலிருந்தால் போர்வைக்குள்ளிருந்து கையை உயர்த்திக் காட்டுங்கள், அவர் உடனே கத்தியை எடுத்துவிடுவார்.

கைதேர்ந்தவரின் வேலையைக் கண்ணாடியில் கவனித்தால் இரண்டு கையும் சமமாக உழைப்பது தெரியும். வலக்கைக் கத்தி தோலோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இருக்கும். அதைவிடப் படுத்தால் மயிரை இழுக்கும், நிமிர்ந்தால் தோலைச் சீவும். இடக்கை விரல்கள் கத்திக்குப் பின்னாலிருந்து தோலை இழுத்துப் பிடிக்கும். நுரைபட்ட விரல் வழுக்கும் என்பதால் நடுநடுவே விரலைத் துண்டில் துடைப்பார். சிலர் படிகாரத்தை விரல் நுனியில் தடவிக்கொள்வதும் அந்தப் பிடிப்புக்காகத்தான். கத்தி நீளமாக ஓடாது, அங்குலம் ஒன்றரை அங்குலமாகச் சிறு சிறு இழுப்புகளாகப் போகும். அமெரிக்க முடிதிருத்தப் பள்ளிகளின் பாடத்தில் முகத்தை 14 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று கற்பிக்கிறார்கள். நம்மூர்க்காரர் அப்படி எண்ணிச் செய்வதில்லை. ஆனால் கன்னத்துக்கு ஒரு பிடி, மோவாய்க்கு ஒரு பிடி, தொண்டைக்கு ஒரு பிடியென்று அவர் கை மாறுவதைப் பார்த்தால் பாடம் ஒன்றுதான் என்று தெரியும்.

வழக்கமாகக் கிருதாவின் கீழிருந்து தொடங்கிக் கன்னம், தாடையெலும்பு என்று இறங்குவார்கள். மோவாயில் மயிர் தடிப்பு, வளைவும் அதிகம். கீழுதட்டைப் பல்லுக்குள் மடித்துக்கொண்டால் அந்தத் தோல் இழுபட்டு அவருக்கு வசதியாகும். மீசையையும் எடுக்கிறவர்களுக்கு மூக்கின் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடிப்பார். மூச்சை அடக்க வேண்டாம், மெதுவாக விட்டாலே போதும். குரல்வளை மேட்டுக்கு வரும்போது எச்சில் விழுங்காதீர்கள். விழுங்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே விழுங்கிவிடுங்கள். நல்ல கைக்காரர் அந்த மேட்டின் மேல் நேராகக் கத்தி ஓட்டமாட்டார், தோலைப் பக்கவாட்டில் ஒதுக்கித் தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து எடுப்பார்.

எதிர் போடலாமா?

முதல் சுற்று மயிர் படிந்திருக்கும் வாக்கிலேயே போகும். அது முடிந்ததும் பெரும்பாலான கடைகளில் கேட்காமலேயே இரண்டாம் முறை நுரை தடவிக் கீழிருந்து மேலாக, எதிர்வாக்கில் எடுப்பார்கள். கன்னம் கண்ணாடிபோல் வழவழப்பாகும். தடவிப் பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எதிர் போடும்போது, இழுத்துப் பிடித்த தோலிலிருந்து மயிர் தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படுகிறது. தோலை விட்டதும் அது உள்ளே போய்விடும். மறுபடி வளரும்போது, சுருள்மயிர்க்காரர்களுக்கு அது வெளியே வர வழி தெரியாமல் தோலையே குத்தி உள்வாங்கி, செம்மணி கோத்ததுபோல் கழுத்தில் கொப்புளமாக எழும்பும்.

எனக்கு இது அனுபவப் பாடம். என் தங்கையின் கல்யாணத்தன்று அதிகாலையில், மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கடையில் உட்கார்ந்து, "நல்லா வழவழன்னு எடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். காத்திருந்தவர்கள் ஆறேழு பேர், ஊற விட நேரமில்லை. அவர் கழுத்தில் இரண்டு முறை எதிர் போட்டார். தாலி கட்டும் நேரத்தில் வியர்வையும் பட்டுச் சட்டையின் காலரும் சேர்ந்து கழுத்து நெருப்பாக எரிந்தது. அந்த ஆல்பத்தில் நான் இருக்கிற படத்திலெல்லாம் ஒரு கை கழுத்தில்தான் இருக்கிறது. அவர்மேல் தப்பில்லை, கேட்டது நான். விசேஷம் எதுவானாலும் சவரத்தை முந்தைய நாளே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும், கழுத்தில் எதிர் கூடாது என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை போகிறவர்கள் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டால், அடுத்த முறை கன்னத்தில் மட்டும் இரண்டாம் சுற்றுக் கேட்கலாம். அப்போதும் புதிதாக நுரை போட்ட பிறகே கத்தி ஓட வேண்டும். காய்ந்த இடத்தில் "இங்க கொஞ்சம் இருக்கு" என்று வெறும் தண்ணீர் தொட்டுச் சுரண்ட விடாதீர்கள். கழுத்தின் மயிர் எல்லாருக்கும் ஒரே வாக்கில் படிந்திருப்பதில்லை. சிலருக்கு மேல்நோக்கியும், சிலருக்குத் தாடையோரம் சுழியாகவும் இருக்கும். இரண்டு நாள் வளர்ந்த தாடியை வீட்டிலேயே விரலால் நான்கு பக்கமும் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று தெரிந்துகொண்டு போனால் கடைக்காரருக்குச் சரியாகச் சொல்லலாம்.

முடிந்ததும்

குளிர்ந்த தண்ணீரால் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அடுத்து வருவது படிகாரம். தோலின் மேற்பரப்பைச் சுருக்கி, சின்னக் கசிவுகளை அடைக்கும் குணம் அதற்கு உண்டு. எங்கே எரிகிறதோ அங்கே கத்தி கடுமையாகப் பட்டிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தும் விடும். ஆனால் கடையின் படிகாரக் கட்டி நூறு முகங்களைப் பார்த்தது. ரத்தம் கசிந்த முகத்தில் தேய்த்த அதே கட்டியை உங்கள் முகத்தில் தேய்ப்பதில் பொருளில்லை. அதற்காகத்தான் சொந்தப் படிகாரத் துண்டைக் கொண்டுபோகச் சொன்னேன். பவுடர் பஃபுக்கும் இதே நியாயம்தான். "பவுடர் வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். ஸ்பிரிட் வாடையடிக்கும் லோஷன் சுருக்கென்று இதமாக இருப்பதுபோல் தோன்றினாலும் வறண்ட தோலுக்கு ஆகாது.

கீறல் விழுந்திருந்தால் பதற வேண்டாம். சுத்தமான பஞ்சையோ டிஷ்யூவையோ மூன்று நான்கு நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கீறல்கள் நின்றுவிடும். நொடிக்கொரு முறை எடுத்துப் பார்ப்பதால்தான் நிற்பதில்லை. பழைய பிளேடால் கீறல் பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் வீட்டில் உட்கார்ந்து கவலைப்படாமல் அன்றோ மறுநாளோ அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். சலூன் கீறலால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. தடுப்பு மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

பணம் கொடுத்து எழுவதற்குள் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. தோளைப் பிடித்துவிட்டு, தலையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, மோவாயையும் பின்மண்டையையும் பிடித்து வெடுக்கென்று கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பது பல கடைகளில் அன்பளிப்பாக நடக்கிறது. 'மளுக்' என்ற சத்தத்தில் ஒரு சுகம் இருப்பது உண்மைதான். ஆனால் கழுத்தெலும்புகளின் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் அப்படித் திருப்பும்போது கிழிந்து, பக்கவாதம் வரை போக வாய்ப்பிருக்கிறது. தோளைப் பிடித்துவிடும்போதே "நெட்டி வேண்டாம்ணே, கழுத்து வலி இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். இல்லாத கழுத்து வலியைச் சொல்வதில் பாவமில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மணம் சேர்க்காத மாய்ஸ்சரைசர் ஏதாவது தடவிக்கொள்ளலாம். அன்று மதிய வெயிலில் அலைவதையும், இறுக்கமான காலரையும், முகத்தில் மஞ்சள், எலுமிச்சை என்று எதையாவது பூசுவதையும் தவிர்க்க வேண்டும். இரண்டாம் நாள் கழுத்தைத் தடவிப் பாருங்கள். கொப்புளம் இல்லை, எரிச்சல் இல்லை என்றால் அதே கடை, அதே கைக்காரர், அதே பிளேடு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு முறை போய்விட்டால் உங்கள் மோவாயில் எங்கே சுழி இருக்கிறது, எங்கே மச்சம் இருக்கிறது என்று அவருக்கே பாடமாகிவிடும். அதன்பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதெல்லாம் "கொஞ்சம் ஊறட்டும்ணே" மட்டுந்தான்.